ஒரு சாண் தள்ளி

டொப்.

கேட்டீங்களா அண்ணே? சுவருக்கு அந்தப் பக்கம். இருங்க, பேசாதீங்க, இன்னொன்று வரும். முதலில் தடதடவென்று ஓட்டம். வர வர வேகம் கூடும். அப்புறம்... டொப்! அதுதான். பலகை. மணலில் விழுகிற சத்தம் நமக்கு வராது, பலகையை மிதிக்கிற சத்தம் மட்டும்தான் சுவர் ஏறி வரும். இப்போது மிதித்தது என் பொண்ணு இல்லை. இது யாரோ அரைகுறை. என் பொண்ணு மிதித்தால் சிதறு தேங்காய் உடைக்கிற மாதிரி இருக்கும். ஒரே சத்தம். பிசிறு கிடையாது.

ரெண்டே நிமிஷம் அண்ணே. உள்ளே போவேன், அந்த ஓடுபாதை ஓரத்தில் இந்த எலுமிச்சம்பழத்தை வைப்பேன், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவேன். ஒருத்தரோடும் பேச மாட்டேன். வேண்டுமானால் என் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளுங்க. அதோ நிற்கிறது பாருங்க, வெள்ளைக் குட்டியானை, பின்னால் தண்ணி கேன் அடுக்கி. என்னுடையதுதான். சாவி இல்லாமல் எங்கே ஓடிப்போகப் போகிறேன்?

பெற்றோர்களுக்கு அனுமதி இல்லை. படித்தேன் அண்ணே, கண் இருக்கு. ஆனால் என்னைப் பார்த்தால் பெற்றோர் மாதிரியா இருக்கு? பெற்றோர் என்றால் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு காரில் வந்து இறங்குவார்கள். நான் லுங்கியோடு வந்திருக்கிறேன். தண்ணிக்காரன் என்று சொல்லி விட்டுடுங்க.

சிரிக்கிறீங்க. சிரிச்சால் கதவைத் திறக்கணும் அண்ணே, அதுதான் முறை.

நீங்க அந்தத் திட்டிவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கீங்க, உங்களுக்கு மணல்குழி வரைக்கும் தெரிகிறது. எனக்குத் தகரம்தான் தெரிகிறது. தகரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு தகப்பன் எவ்வளவு நேரம் நிற்பான்? உங்க பேர்... சட்டையில் இருக்கே, லூர்துசாமி. லூர்து அண்ணே, என் பேர் வீரமலை. உறையூர். உங்களுக்கு இந்தப் பழத்தில் எல்லாம் நம்பிக்கை இருக்காது. இருந்தாலும் கையில் ஜெபமாலை உருட்டுறீங்க இல்லையா? அது மாதிரிதான் இது. வெக்காளியம்மன் காலடியில் வைத்து எடுத்தது. கோயில் நடை திறந்ததும் முதல் ஆளாக நின்று வாங்கினேன். குங்குமம் இன்னும் ஈரம் காயவில்லை பாருங்க.

"வீரமலை! கேனு என்னய்யா ஆச்சு?"

வர்றேன் பாய்! ஒரு நிமிஷம்!

எதிர் டீக்கடை ஹக்கீம் பாய். தண்ணி வந்தால்தான் பாய்லர் போடுவாராம். போடட்டும், ஊர் என்ன டீ இல்லாமல் செத்தா போய்விடும்?

இன்றைக்கு உள்ளே நடக்கிறது சாதாரணப் போட்டி இல்லை அண்ணே. நீளம் தாண்டுதல். பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வெளிநாட்டுப் போட்டிக்குப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஊர் பேர் ஏதோ சொன்னாள், என் வாயில் நுழையவில்லை. விமானத்தில் போகணும். இங்கிருந்து ஒரே ஒருத்தி. அவளை முகாமுக்கு அனுப்புவார்கள், அங்கே சட்டையில் இந்தியா என்று எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும். அதனால் இன்றைக்கு விட்டால் விட்டதுதான். ஆளுக்கு மூன்று தாண்டல். அதில் ஒன்று சரியாக விழுந்தால் போதும்.

என் பொண்ணு மோனிஷா. மஞ்சள் பனியன், ரெட்டைப் பின்னல், ஒல்லியாக நெட்டையாக இருப்பாள். அவள் முறை வந்தால் சொல்லுங்க அண்ணே, கும்பிட்டுக் கேட்கிறேன்.

நான் ஏன் இவ்வளவு கெஞ்சுகிறேன் என்றால், போன மாதம் இதே மைதானத்தில் என் பொண்ணுக்கு ஒரு அநியாயம் நடந்தது. பட்டப்பகலில். இதே மாதிரி தேர்வு. மூன்று தாண்டலில் ரெண்டுக்குச் சிவப்புக் கொடி, செல்லாது என்று. நடுவில் ஒன்றுக்கு வெள்ளைக் கொடி, ஆனால் தூரம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடப் போட்டியில் இவள் தாண்டின தூரத்தைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. அப்பேர்ப்பட்டவள் அன்றைக்குக் கடைசி. அன்றைக்கு ஜெயித்த பிள்ளையும் வெளிநாட்டுக்கு வேண்டிய தூரத்தைத் தொடவில்லை என்பதால்தான் பழைய தூரங்களைப் பார்த்து இன்றைக்கு மறுபடியும் நாலைந்து பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அம்மன் கொடுத்த ரெண்டாவது வாசல். அந்த வாசலில் நீங்க உட்கார்ந்திருக்கீங்க.

என்ன, கத்துகிறேனா? இல்லை அண்ணே, என் குரலே அப்படி. டீசல் வண்டி ஓட்டுகிறவன் குரல். நான் கோபக்காரன் இல்லை. தண்ணி பிளாண்டில் போய்க் கேளுங்க, வீரமலை கைநீட்டினான் என்று ஒருத்தர் சொல்ல மாட்டார்கள். ஒரே ஒரு தடவை. அதுவும் லோடுமேன் பிச்சையை. அதற்கும் காரணம் இருந்தது.

தண்ணி பிளாண்டில் லோடு ஏற்றுகிற மேடை பள்ளத்தில் இருக்கு அண்ணே. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கண்ணாடியில் மேடை தெரியாது. நான் என்ன பண்ணுவேன், வழி ஓரத்தில் ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். என் கதவும் அந்தச் செங்கலும் நேருக்கு நேர் வந்ததும் பிரேக். வண்டியின் வாலுக்கும் மேடைக்கும் நடுவில் நாலு விரல் இருக்கும். ஒரு நாள் தப்பியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். இந்தப் பிச்சை ஒருநாள், செங்கல் உடைந்து அசிங்கமாக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிட்டு, நல்ல வெள்ளையாக ஒரு ஹாலோபிளாக் கல்லைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான். அண்ணனுக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று. சேறாக இருந்ததாம், அதனால் கொஞ்சம் நகர்த்தி மேட்டில் வைத்தானாம். நான் அது தெரியாமல் எடுத்தேன். டமார்! பின்விளக்கு போச்சு, கேன் நாலைந்து வெடித்துப் பிளாண்டே குளமாகிவிட்டது. இறங்கி வந்து ஒரு அறை விட்டேன். "கல்லுதானேன்னு நெனச்சியாடா? அது கல்லு இல்லடா, என் கண்ணு. வச்ச எடத்துல இருந்தாத்தான்டா அதுக்கு மதிப்பு!" என்றேன். அவன் பாவம், "நல்லதுக்குத்தாண்ணே பண்ணேன்" என்று அழுதான். நல்லதுக்குப் பண்ணுகிறவன்தான் அண்ணே ஊரைக் கெடுக்கிறது.

எதற்குச் சொல்ல வந்தேன்? ஆ, நான் கோபக்காரன் இல்லை.

என்ன, மஞ்சள் பனியனா? வந்துவிட்டாளா? அண்ணே, இப்போதாவது விடுங்க! அவள் ஓடுவதற்குள் வைத்துவிடுகிறேன். கையைப் பிடிக்காதீங்க அண்ணே! பெற்ற தகப்பனை வாசலில் பிடித்து நிறுத்த நீங்க யார்? கலெக்டரா? மோனி! அப்பா இங்கதான் இருக்கேன் மோனி!

...

ஓடுகிறாள். அவள் கால்தான். தட தட தட...

என்ன அண்ணே, சத்தம் வரவில்லை? பலகைச் சத்தம் எங்கே?

இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாளா? பார்த்துவிட்டு, தாண்டாமல் மணலுக்குள் ஓடிவிட்டாளா? சிவப்பா? அட கடவுளே. பாருங்க, நீங்க கையைப் பிடித்து இழுத்துச் சத்தம் போட்டதில் பிள்ளை பயந்துவிட்டாள். ஒன்று போச்சு. இந்தப் பழம் மட்டும் உள்ளே இருந்திருந்தால்...

சரி. சரி, கத்தவில்லை. உட்காருகிறேன். இந்தக் கல்லிலேயே உட்காருகிறேன். ரெண்டு பாக்கி இருக்கு. அவள் முறை திரும்பி வர நேரம் ஆகும். அதற்குள் போன மாதம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

நான் மோனியின் பயிற்சியைப் பார்க்கப் போனதே குறைவு அண்ணே. காலையில் லோடு, சாயங்காலம் லோடு. எப்போதாவது கூட்டிவரப் போனால் கம்பிவேலிக்கு வெளியே வண்டியை நிறுத்திப் பார்ப்பேன். அப்படி ஒருநாள் பார்த்தேன். இவள் பலகையில் குதிகாலை வைத்து, அடிமேல் அடியாக, குதிகாலும் பெருவிரலும் முட்ட முட்ட, மணல்குழிக்கு முதுகைக் காட்டி நடந்து வருகிறாள். வாய் எண்ணிக்கொண்டே வருகிறது. நம் பெண்கள் கோயிலில் அடிப்பிரதட்சிணம் வருவார்களே, அச்சு அசல் அதே மாதிரி. எண்ணி முடித்த இடத்தில் நின்றாள். பழைய ரப்பர் செருப்பு ஒன்றை எடுத்து ஓடுபாதை ஓரத்தில் கவிழ்த்து வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொல்லித்தராமல் இந்தப் பக்தி இவளுக்கு எங்கிருந்து வந்தது? வண்டியில் வரும்போது கேட்டேன்.

"என்ன பாப்பா, வேண்டுதலா?"

சிரித்தாள். "ஆமாப்பா. பலகைச் சாமிக்கு."

"சாமி முன்னாடி யாராவது செருப்பு வப்பாங்களா? அதுவும் கவுத்து?"

"அந்தச் சாமிக்குச் செருப்புதாம்ப்பா புடிக்கும். கவுத்து வச்சாத்தான் காத்துல பறக்காது."

வாய் அண்ணே. அவள் அம்மா வாய். ஆனால் எனக்கு மனசில் முள் குத்தின மாதிரி இருந்தது. செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும், காரியம் கெடும், நமக்குத் தெரியாதா? என் வண்டியில் செருப்புக் காலோடு யாரையும் ஏறவிட மாட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் எடுப்பேன். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. மேடையை இடித்தது பிச்சையின் கணக்கு, என் கணக்கு இல்லை.

போன மாதத் தேர்வுக்கு மைதானத்துக்குத் தண்ணி நான்தான் போட்டேன். கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள், எங்கே வேண்டுமானாலும் போகலாம். கேனை இறக்கிவிட்டு ஓடுபாதை ஓரமாக வந்தேன். பிள்ளைகளை எல்லாம் அந்தப் பக்கம் பந்தலில் வரிசையாக நிறுத்திப் பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாதை ஓரத்தில் பார்த்தால் ஒவ்வொருத்தியும் ஒன்று வைத்திருக்கிறாள். ஒருத்தி தண்ணி பாட்டில். ஒருத்தி வெள்ளை டேப்பை ஒட்டி வைத்திருக்கிறாள். ஒருத்தி கைக்குட்டையைக் கல்லுக்கடியில் வைத்திருக்கிறாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு ராசி, என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் என் பொண்ணுடையது. தேய்ந்துபோன செருப்பு. கவிழ்ந்து, வார் மண்ணில் புதைந்து கிடக்கு. அவ்வளவு பெரிய நாள், அவ்வளவு பெரிய மனுஷர்கள், என் பொண்ணு பேரில் ஒரு கவிழ்ந்த செருப்பு. விளங்குமா அண்ணே?

நல்லவேளை, மடியில் பழம் இருந்தது. செருப்பை எடுத்தேன். கேண்டீன் பின்னால் குப்பைத்தொட்டியில் போட்டேன். அந்த இடத்தைக் கையால் தடவி, பழத்தை வைத்தேன். அது சரிவு, வைத்தால் உருளுகிறது. அம்மன் பழம் பாதைக்குள் உருண்டு யார் காலிலாவது மிதிபட்டால் பாவம். அதனால் மணல்குழிப் பக்கமாக ஒரு சாண் தள்ளி, அருகம்புல் கொத்தாக முளைத்திருந்தது, அதில் அணைத்து வைத்தேன். அசையவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

மோனி வந்தாள். பழத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், கீழே குனிந்து பார்த்தாள். நன்றி சொல்ல என்னைத் தேடுகிறாள் என்று கையை ஆட்டினேன். அதற்குள் கொடிக்காரர் நேரம் ஆகிறது, ஓடு என்று விரட்டினார். பழத்துக்கு நேராகக் காலை வைத்து நின்றாள் அண்ணே. எனக்கு மயிர் சிலிர்த்தது. ஓடினாள். டொப் என்று சத்தம் கேட்டதும் நானே கைதட்டிவிட்டேன். பார்த்தால் சிவப்புக் கொடி. பலகையைத் தாண்டி மிதித்துவிட்டாளாம். எவ்வளவு என்று ஓடிப்போய்க் கேட்டேன். "ஒரு சாண் தாண்டியிருக்குய்யா" என்கிறார். ஒரு சாண்! மயிரிழை என்றால் நம்பலாம். என் பொண்ணு பிறந்ததிலிருந்து ஒரு சாண் தப்பி எதையும் மிதித்ததில்லை. அந்த ஆளுக்குக் கண் தெரியவில்லை, இல்லையென்றால் கைக்குள் ஏதோ வந்திருக்கிறது.

அடுத்த தாண்டலுக்கு இவள் என்ன பண்ணினாள் தெரியுமா? பழத்தை விட்டுப் பின்னால் தள்ளிப்போய் நின்றாள். குத்துமதிப்பாக. அம்மனை ஒதுக்கிவிட்டு நின்றால் நடக்குமா? பலகைக்கு எட்டாமல் முன்னாலேயே எம்பிவிட்டாள். வெள்ளைக் கொடி காட்டினார்கள், ஆனால் தூரம் பாதியும் இல்லை. மூன்றாவதற்குக் கொஞ்சம் முன்னே வந்தாள், கொஞ்சம் பின்னே போனாள், காலால் தரையைத் தேய்த்தாள். பிள்ளை மனசு கலங்கிவிட்டது. பலகை விளிம்பில் களிமண் மாதிரி ஒரு பட்டை பதித்திருப்பார்கள். அதில் ஷூ முனை பட்ட தடம் நகக்கீறல் அளவு. சிவப்பு. முடிந்தது.

நான் சும்மா விடவில்லை. கொடிக்காரர் சட்டையைப் பிடிக்காத குறை. மோனிதான் ஓடிவந்து என்னை இழுத்தாள்.

"வாங்கப்பா. தப்பு என் மேலதான்."

"உன் மேல என்னடி தப்பு? அவனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு!"

"அப்பா, ப்ளீஸ். வாங்க."

அவளுடைய கோச் பானுரேகா மேடம் மேடையிலிருந்து இறங்கி வந்தது. பிள்ளை அழுகிறாள், கூட நின்று என்னோடு சண்டை போட வேண்டாமா? அந்த அம்மா கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "உன் செருப்பு எங்கடி?"

செருப்பு அண்ணே! வாழ்க்கையே போச்சு, இந்த அம்மாவுக்குச் செருப்புக் கவலை.

மோனி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "தொலைஞ்சு போச்சு மேடம்" என்றாள். "தொலைச்சுட்டியா? புத்தி எங்கடி போச்சு உனக்கு?" என்று அந்த அம்மா கத்துகிறது. இவள் பையை எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தாள். வண்டியில் ஏறினதும் அந்தப் பழத்தை என் கையில் கொடுத்தாள். "கீழ கெடந்துச்சுப்பா, எடுத்து வந்தேன்." அவ்வளவுதான். அன்றைக்கே கடைக்குக் கூட்டிப்போய்ப் புதுச் செருப்பு எடுத்துக் கொடுத்தேன், பூப்போட்டது. போட்டுப் பார்க்கக்கூட இல்லை.

அதிலிருந்து வண்டியில் ஏறுவதில்லை. டவுன் பஸ்ஸில் போகிறாள், பஸ்ஸில் வருகிறாள். பரீட்சைக் கவலை அண்ணே, வேறு என்ன? இன்றைக்குத் தேர்வு என்பதையே அவள் அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். நான் லோடுக்கு அலைகிறேனே, அப்பாவுக்கு எதற்குத் தொந்தரவு என்று நினைத்திருப்பாள். அந்த மாதிரிப் பிள்ளை அவள்.

டொப்!

மோனிதான்! அது மோனிதான் அண்ணே! கைதட்டுங்க!

...இல்லையா? பச்சைப் பனியனா? சரி. யார் பெற்ற பிள்ளையோ, தட்டினது தட்டினதாக இருக்கட்டும்.

"வீரமலை! கேனு வருமா, இல்ல வேற ஆளைப் பாக்கவா?"

வருது பாய்! உயிரை வாங்காதீங்க!

மஞ்சளா? இப்போதா? நான் எழுந்திருக்கவில்லை, பாருங்க, உட்கார்ந்தே இருக்கிறேன். வாயையும் பொத்திக்கொள்கிறேன்.

...

டொப்.

சத்தம் மெல்லிசாக இருக்கே. என்ன கொடி? வெள்ளையா? தூரம்? அவ்வளவு இல்லையா? பச்சைப் பனியனுக்குப் பின்னால்தானா? பயந்து பயந்து மிதிக்கிறாள் அண்ணே. போன மாதம் கொடிக்காரன் வைத்த பயம். ஒன்றே ஒன்று பாக்கி. லூர்து அண்ணே, உங்க பிள்ளைகள் மேல் ஆணையாகக் கேட்கிறேன். இந்தப் பழம். ரெண்டு நிமிஷம்கூட வேண்டாம். நீங்களே கொண்டுபோய் வைத்துவிட்டு வாங்க. அவள் இன்றைக்கு என்ன வைத்திருக்கிறாள் அங்கே? தெரிகிறதா? என்ன? செருப்பா? காலையில் கையில் எடுத்துப்போன பூப்போட்ட செருப்பா? நான் வாங்கிக் கொடுத்ததா?

கவிழ்த்து வைத்திருக்கிறாளா?

பார்த்தீங்களா, மறுபடியும் செருப்பு! அதை எடுத்துவிட்டு இதை வைக்கணும் அண்ணே. அதே இடத்தில்.

என்ன கேட்கிறீங்க? போன தடவை அதே இடத்திலா வைத்தேன்? அதுதான் சொன்னேனே. சரிவு. ஒரு சாண் தள்ளி. ஏன் அண்ணே அப்படிப் பார்க்கிறீங்க?

என்னது?

அவளே சொன்னாளா? உங்களிடமா? எப்போது, காலையில் உள்ளே போகும்போதா?

'எங்கப்பா வருவார். வெள்ளைக் குட்டியானை வண்டி. உள்ள மட்டும் விட்டுடாதீங்கண்ணே.'

இதை ஏன் அண்ணே முதலிலேயே சொல்லவில்லை? நான் ஒரு மணி நேரமாகப் பைத்தியக்காரன் மாதிரி... என் பொண்ணு சொன்னாளா? என்னையா? நான் என்ன குடிகாரனா? பிள்ளை மானத்தை வாங்குகிறவனா? லோடு விட்டுவிட்டு வந்திருக்கிறேன், விடியற்காலையில் குளித்து ஈரத்துணியோடு கோயிலில் நின்றிருக்கிறேன், என்னைப் போய்...

இன்னும் என்ன சொன்னாள்? சொல்லுங்க. எல்லாவற்றையும் சொல்லுங்க.

'சத்தம் போடுவார். திட்டிடாதீங்கண்ணே. நல்லதுக்குத்தான் வருவார்.'

நல்லதுக்குத்தான்.

...

என்ன அண்ணே? செங்கலா? எந்தச் செங்கல்? ஓ, பிச்சை கதையா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அது வண்டி. வண்டி என்றால் கணக்கு இருக்கு. செங்கல் வைத்த இடத்தில் இருந்தால்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் பின்னால் மேடையில்... இது பிள்ளை அண்ணே. பிள்ளை கால். பலகையில் குதிகாலை வைத்து, எண்ணிக்கொண்டே வந்து...

எண்ணிக்கொண்டே வந்தாள். ஆமாம்.

பலகைச் சாமிக்கு என்றாளே அண்ணே. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நான் தள்ளி வைத்தது ஒரு சாண்தான். உருண்டுவிடுமே என்று. புல் இருந்தது.

...

கொடிக்காரரும் ஒரு சாண் என்றுதான் சொன்னார்.

...

வெயில் ஏறிவிட்டது, இல்லையா? இந்தப் பக்கம் மரமும் இல்லை ஒன்றும் இல்லை. தண்ணியா? வேண்டாம் அண்ணே, வண்டி நிறைய தண்ணிதான். குங்குமம் கையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டுகிறது. லுங்கியில் துடைத்தால் கறை போகாது, அவள் அம்மா திட்டுவாள்.

வருகிறாளா? மூன்றாவதா?

அண்ணே, நீங்க என்னைப் பார்க்காதீங்க, அங்கே பாருங்க. செருப்பு அங்கேயே இருக்கா? யாரும் எடுக்கவில்லையே? பக்கத்தில் தண்ணி போடுகிறவன், குப்பை பெருக்குகிறவன் யாராவது நடமாடுகிறானா? இருந்தால் சத்தம் போடுங்க. இல்லை, சத்தம் போடாதீங்க. பேசாமல் இருங்க. நானும் பேசவில்லை.

செருப்புக்கு நேராக நிற்கிறாளா? சரியாக நேராகவா?

...

தட. தட. தடதட. தடதடதடதட...

டொப்!

...

ஒரே சத்தம் அண்ணே. தேங்காய்.

சொல்லாதீங்க. கொஞ்சம் இருங்க. கைதட்டுகிறார்களா, அது கைதட்டல்தானா, தகரம் காற்றில் ஆடுகிறதா? விசில் யார் அடிப்பது? பானுரேகா மேடமா? அந்த அம்மாவுக்கு விசில் அடிக்கத் தெரியுமா? சரி, இப்போது சொல்லுங்க. கொடி?

வெள்ளை.

டேப் பிடிக்கிறார்களா? ரெண்டாம் தடவையும் பிடிக்கிறார்களா? பச்சைப் பனியன் வந்து கை கொடுக்கிறாளா? அப்படியானால்... சரி. சரி அண்ணே. போதும். மோனி என்ன பண்ணுகிறாள்? மணலைத் தட்டிக்கொண்டு ஓடுபாதையிலேயே திரும்பி நடக்கிறாளா? செருப்பை எடுக்கிறாளா?

ஷூவைக் கழற்றிவிட்டு எடுத்துப் போட்டுக்கொண்டாளா? காலிலா? ரெண்டையுமா?

அளவு சரியாக இருக்கா அண்ணே? இங்கிருந்து பார்த்து எப்படிச் சொல்வீங்க, நான் ஒரு ஆள். குத்துமதிப்பாகத்தான் எடுத்தேன். அவள் காலைக் காட்டவே இல்லையே அன்றைக்கு.

லூர்து அண்ணே, அவள் வெளியே வந்து கேட்டால், அப்பா வரவில்லை என்று சொல்லிவிடுங்க. இல்லை, வேண்டாம். கத்தினது அவளுக்குக் கேட்டிருக்கு. வந்தார், ஆனால் வெளியிலேயே நின்றார் என்று சொல்லுங்க. கடைசியில் வெளியிலேயே நின்றார். அவ்வளவு சொன்னால் போதும்.

"வீரமலை!"

வர்றேன் பாய்! வந்துட்டேன். பாய்லரைப் போடுங்க. ஒரு எலுமிச்சம்பழம் தர்றேன், யாருக்காவது டீயில பிழிஞ்சு ஊத்துங்க. சாமி பழந்தான், நல்லாக் கழுவிட்டுப் பிழிங்க.

ஆமாம் அண்ணே, நிறைய கேன், நானேதான் இறக்கணும். பிச்சை இப்போது என்னோடு வருவதில்லை. வேறு வண்டிக்குப் போய்விட்டான். சாயங்காலம் பிளாண்டில் இருந்தால் பார்க்கணும்.

அட, நீங்க எதற்கு எழுந்திருக்கிறீங்க? கை கொடுக்க வேண்டாம் அண்ணே, எனக்குப் பழக்கம்தான். தோளில் துண்டைப் போட்டுத் தூக்கினால் ஏறிவிடும். நீங்க அங்கேயே இருங்க. கதவை விட்டு நகராதீங்க. யார் வந்து கேட்டாலும் விடாதீங்க.